பதினான்காவது கேள்வி

ஜூன் 2, திங்கள்

புது நோட்டு. பழைய நோட்டின் மேல் ரிஸ்வானா சாம்பார் டப்பாவைச் சாய்த்துவிட்டாள். பாதிப் பக்கங்கள் மஞ்சள். திட்டினால், "அதுல இருந்ததெல்லாம் நடக்காமப் போன ஆரூடம்தானே மேடம்" என்கிறாள். ஆறு மாதம்தான் ஆகிறது இவள் வேலைக்குச் சேர்ந்து. என்ன வாய்!

அவள் சொன்னது பொய்யும் இல்லை. நாளை எந்தத் தொழில்நுட்பம் தலையெடுக்கும் என்று இன்றே மோப்பம் பிடித்துச் சொல்வது எங்கள் வேலை. தலைமை அலுவலகம் பெங்களூரில். கோவைக் கிளை என்பது நானும் ரிஸ்வானாவும் ஒரு தண்ணீர் கேனும். வருடத்துக்கு ஒருமுறை வெளியாகும் 'நாளைப் பட்டிய'லுக்கு இங்கிருந்து நான் அனுப்பிய கடைசி மூன்று: குரலுக்குக் கட்டுப்படும் கிணற்று மோட்டார், தேங்காய் மட்டையில் செய்த பேட்டரி, ட்ரோனில் பால் பாக்கெட். மோட்டார் தவளைச் சத்தத்துக்கும் ஓடியது. பேட்டரி நாறியது. பால் பாக்கெட் யார் தலையில் விழுந்தது என்பதை எழுத மனமில்லை.

இன்று முரளீதரன் சார் போன் செய்தார். பெங்களூரில் எனக்கு மேலே இருப்பவர். "அம்சவேணி, இந்த வருஷமும் தேறலேன்னா கோவை ஆபீஸை மூடுறதா முடிவு பண்ணிட்டாங்க. ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள ஒண்ணே ஒண்ணு குடு. லேப்ல செஞ்சது வேணாம். கம்பெனி விக்கிறது வேணாம். யாரும் விதைக்காம, தானா முளைச்சதா இருக்கணும்."

மூடினால் மாற்றலில் நான் குருகிராம் கிளைக்கு, ரிஸ்வானா அவள் வீட்டுக்கு. குருகிராமில் சாலைகள் அகலமாம். நாற்பத்தேழு வயது ஒண்டிக்கட்டைக்கு எந்த ஊரானால் என்ன? விவாகரத்துக்குக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. சிங்காநல்லூர் வீட்டில் என்னைத் தேட ஒரு பூனைகூட இல்லை.

ஜூன் 5, வியாழன்

ரிஸ்வானாவின் மாமா சோமனூர்ப் பக்கம் லைன்மேன். எந்த ஊர் டிரான்ஸ்பார்மரில் என்றைக்கு பீஸ் போனது என்று மனிதர் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். அதை இவள் வாங்கி வந்து கணினியில் ஏற்றியிருக்கிறாள்.

விசைத்தறி ஊர்களில் இது தீராத தலைவலி. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது எல்லாத் தறிகளும் ஒரே நொடியில் கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். பீஸ் போகும். மறுபடி இருட்டு.

கொமரங்காட்டுப்புதூரில் மாதத்துக்குப் பத்தொன்பது முறை போன பீஸ், ஜனவரியிலிருந்து மாதத்துக்கு மூன்று முறை. மார்ச்சில் பக்கத்து ஊரிலும் குறைந்திருக்கிறது. மே மாதக் கணக்கில் பதினோரு ஊர்.

"புது மெஷின் ஏதாச்சும் வாங்கி மாட்டிருப்பாங்களா மேடம்?" என்றாள். கடையில் விற்கும் எதுவும் இப்படி ஊர் விட்டு ஊர் தாவாது. சனிக்கிழமை நேரில் போய்ப் பார்க்கிறேன்.

ஜூன் 7, சனி

வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

புதூர் ஒரே தெருதான். இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. தெருவே வாயை மூடிக்கொண்டது. இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது, குடோன் வாசல் பல்புகள் எரிந்தன. ஆனால் ஒரு தறியும் ஓடவில்லை. பிறகு மேற்குக் கோடியில் ஒரு குடோன் மட்டும் தடதடவென்று கிளம்பியது. கொஞ்ச நேரம் விட்டு அடுத்தது. அப்புறம் அதற்கடுத்தது. கிழக்குக் கோடி வரை வரிசையாகச் சத்தம் நடந்து போனது. நான் நடுத்தெருவில் குடையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து நின்றேன்.

"வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று ஒருவர் கூப்பிட்டார். சென்னியப்பன். நடுக்குடோன்காரர், பன்னிரண்டு தறி. ஐம்பது இருக்கும். காதோரம் பஞ்சுத் தூசி. மோர் கொடுத்தார். என் கார்டை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"யாருங்க இதுக்குத் தலைவர்? யார் முறை போட்டுக் கொடுத்தது?"

"தலைவரெல்லாம் யாருமில்லீங்க. பக்கத்துக் குடோன் சத்தம் கேட்டுதுன்னா முப்பது எண்ணோணும். எண்ணிப்போட்டு நம்முளுத ஓட்டோணும். அவ்வளவுதானுங்க."

கடவுளே! கல்லூரியில் காம்ப்ளெக்ஸிட்டி என்கிற சிக்கல் அறிவியல் பாடம் எடுத்த ஒன்பது வருடமும் எறும்பு வரிசையைக் காட்டியே காலம் தள்ளினேன். தலைவன் கிடையாது, கூட்டம் போட்டுப் பேசுவது கிடையாது. ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவரை மட்டும் கவனித்து ஒரு சின்ன விதியைப் பின்பற்ற, மொத்த ஊரும் தானாக ஒழுங்குக்கு வருகிறது. அது சிங்காநல்லூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

யாரிடம் கற்றீர்கள் என்றால், "கரட்டூர்ல கேட்டுப் பாருங்க, அங்கதான் மொதல்ல" என்றார். வழக்கமான விவரங்களையும் குறித்துக்கொண்டேன். தறி பன்னிரண்டு. வேலைக்கு ஆள் நான்கு. வீட்டில் எத்தனை பேர்? ஒருவர். மனைவி காலமாகி ஒன்பது வருடமாம். மகளை ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

இந்த வருட ஆய்வுப் படிவம் தயாராகிறது. படிக்காமலே எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுகிறவர்களைப் பிடிக்க ஒரு பொறிக் கேள்வி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்கிறீர்களா என்று கேட்க வேண்டும். 'ஆம்' என்றால் ஆள் படிக்கவில்லை, அந்தப் படிவம் குப்பைக்கு.

போன வருடம் மசால் தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்றுகூட நினைவில்லை. முன்பிருந்த உதவியாளர் எங்கோ நாற்பது தறிக்காரர்களிடம் ஒத்திகையாகக் கொடுத்து வாங்கினார். நாற்பது பேரும் ஒழுங்காக 'இல்லை'. வேலை முடிந்ததால் அந்தக் கேள்வியின் பதில்களை அப்படியே அழித்தோம்.

ஜூன் 14, சனி

கரட்டூர். பஸ் கிடையாது. சென்னியப்பன் மொபெட்டில் கூட்டிப்போனார். கரட்டூர்க்காரர்கள், "நாங்க இல்லீங்க, வலையபாளையத்துல கேளுங்க" என்றார்கள். ஆனால் இங்கே ஒரு புதுமை. காது மந்தமானவர்களுக்காக ஜன்னலில் சின்ன பல்பு கட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் குடோன் ஓடினால் எரியும். முப்பது வருடம் தறிச் சத்தத்தில் இருந்தால் காது என்னவாகும், பாவம்.

குடை கிழிந்துவிட்டது. புதிது வாங்கினேன், நீலம்.

ஜூன் 21, சனி

வலையபாளையம். அவர்கள் வேறு ஊரைக் கைகாட்டினார்கள். சரிபார்ப்பதற்காகச் சென்னியப்பனிடம் சில விவரங்களைத் திரும்பக் கேட்டேன். தறி பன்னிரண்டு. வீட்டில் ஒருவர். மாற்றமில்லை.

ஜூன் 28, சனி

போயிருந்தேன். புதூரில் நல்ல காற்று.

ஜூலை 5, சனி

நான்காவது ஊரில் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். "எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே உங்களக் கூட்டியாந்திருக்கற இந்தச் சென்னியப்பந்தானுங்களே!"

வட்டம்! புதூர் கரட்டூரைக் காட்டுகிறது, கடைசி ஊர் புதூரைக் காட்டுகிறது. ஆரம்பம் என்று ஒன்றே இல்லை. முரளீதரன் சார் கேட்டது இதுதான், யாரும் விதைக்காதது. மொபெட்டில் திரும்பும்போது சத்தமாகச் சிரித்தேன். சென்னியப்பன் மட்டும் ஏனோ வழியெல்லாம் பேசவே இல்லை. முதுகு விறைத்திருந்தது. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

அறிக்கையின் முதல் வரைவு முடிந்தது. ரிஸ்வானா படித்துவிட்டு, "இதுல சென்னியப்பன்னு பதினேழு இடத்துல வருது மேடம். ஒரு தகவலாளி இத்தன தடவ வரணுமா?" என்றாள். ஐந்து இடமாகக் குறைத்தேன். அவர் நன்றாகத் தகவல் சொல்கிறவர், அதுதான்.

ஜூலை 12, சனி

இன்று பாப்பாத்தியக்கா பழக்கமானார். கிழக்குக் கோடிக் குடோன் அவருடையது. இந்த வாரம் தெருவில் முதலில் ஓட்டுகிறவர் அவர்தான். வாரத்துக்கு வாரம் முறை திரும்புமாம். ஒரு வாரம் கிழக்கிலிருந்து, மறுவாரம் மேற்கிலிருந்து. இல்லாவிட்டால் கடைசிக் குடோன்காரர் எந்நாளும் கடைசியாகவே இருப்பாரே என்றார். எவ்வளவு அழகான நியாயம்!

பாப்பாத்தியக்காவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். "ஏனுங் மேடம், முன்னெல்லாம் சென்னியப்பண்ணன் தீவாளிக்குத்தான் சட்டைக்கு இஸ்திரி போடும். இப்ப சனிக்கெழம சனிக்கெழம தீவாளியா இருக்குது."

நான் கண்டுகொள்ளவில்லை. ஊர்ப் பேச்சு. விவரங்களை இன்னொருமுறை சரிபார்த்தேன். வீட்டில் ஒருவர்தான்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. காற்றில் என் நீலக்குடை மேல்நோக்கிப் பிரிந்து கவிழ்ந்தது. சென்னியப்பன் ஓடிப்போய்ப் பிடித்தார். ஐம்பது வயதுக்கு நல்ல ஓட்டம்.

ஜூலை 26, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பாப்பாத்தியக்காவின் குடோனில் சுவிட்ச் போர்டுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். எங்கள் அலுவலக முத்திரை. போன வருட ஒத்திகைப் படிவத்தின் ஜெராக்ஸ். அதில் பதினான்காவது கேள்வியின் கீழ் சிவப்பு மையில் கோடு.

'கரண்ட் திரும்பி வந்ததும், பக்கத்துத் தறிக்குடோன் ஓடத் தொடங்கும் வரை காத்திருந்து உங்கள் தறிகளை ஓட்டுகிறீர்களா? ஆம் / இல்லை.'

என் பொறிக் கேள்வி. மசால் தோசைக் கேள்வி. யாரும் செய்யமாட்டார்கள் என்று நான் கற்பனையில் பின்னிய அபத்தம்!

"இது... இதைப் பாத்தா செய்ய ஆரம்பிச்சீங்க?"

"பின்ன?" என்றார் பாப்பாத்தியக்கா. "சீல் குத்தின ஆபீஸ்ல கேக்கறாங்கன்னா சும்மாவா கேப்பாங்க? வெளியூர்லெல்லாம் இப்படித்தான் செய்யறாங்களாட்ட இருக்குது, நம்முளுக்குத்தான் தெரியலன்னு நெனச்சோம். 'இல்லை'ல டிக் அடிக்கறதுக்கே கூச்சமாப் போச்சு. தெரு மொத்தமும் கூச்சப்பட்டுச்சு. அடுத்த வருசம் வந்து கேட்டா 'ஆமா'ன்னு சொல்லிப்போடோணும்னு ஆரம்பிச்சோம். பாத்தா, பீஸ் போறது நின்னுபோச்சு!"

விதைத்தது நான். யாரும் விதைக்காததைத் தேடி நான்கு ஊர் அலைந்தவள் நான்.

இதைவிட மோசம் அடுத்தது. சென்னியப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்கும் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க. முதல் நாள் உங்க கார்டைப் பாத்தப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கரட்டூருக்கும் வலையபாளையத்துக்கும் அலைய விட்டீங்க?"

மனிதர் தரையைப் பார்த்தார். "சொல்லீட்டா நீங்க அப்பறம் வரமாட்டீங்களேன்னுதானுங்க."

என் வேலை போகப்போகிறது, அந்தப் பெண் ரிஸ்வானாவின் வேலை போகப்போகிறது, இவருக்கு விளையாட்டு! நன்றாகத் திட்டினேன். அவ்வளவு தறிச் சத்தத்திலும் தெருவுக்கே கேட்டிருக்கும். புதுக்குடையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 2, சனி

போகவில்லை. மழை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சனிக்கிழமை மழையே பெய்யவில்லை என்கிறாள் ரிஸ்வானா. இவளுக்கு எதற்கு வானிலை?

எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படிவத்தைப் பத்தி எழுதாம விட்டா பெங்களூர்ல யாருக்குத் தெரியும் மேடம்?" என்றாள். அவள் வேலையும் இதில் இருக்கிறது. கேட்டது தப்பில்லை.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. முதல் வரைவு மேசையில் அப்படியே கிடக்கிறது, அனுப்ப ஒரு சொடுக்கு போதும். ஆனால் பாப்பாத்தியக்காவை நினைத்தேன். 'இல்லை' என்பது கூச்சமாக இருந்ததாம். இருந்தும் அந்தத் தெருவில் ஒருவர்கூடப் பொய்யாக 'ஆம்' போடவில்லை. நாற்பது பேரும் 'இல்லை' போட்டுவிட்டு, பிறகு அதை 'ஆம்' ஆக்க உழைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய அறிக்கையில் நான் பொய் எழுதுவதா? முடியாது.

ஆகஸ்ட் 9, சனி

போகவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரிஸ்வானா பெரிய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தாள். முகமெல்லாம் பல். "மேடம், படிவம் போனது புதூருக்கு மட்டும். இப்ப இருபத்தாறு ஊர்ல நடக்குது. மீதி இருபத்தஞ்சு ஊரு உங்க காகிதத்தைக் கண்ணாலயே பாத்ததில்ல. அப்புறம் இதப் பாருங்க. உங்க கேள்வியில 'முப்பது எண்ணணும்'னு இருக்கா? வாரம் ஒரு பக்கம் முறை மாத்தணும்னு இருக்கா? ஜன்னல்ல பல்பு இருக்கா?"

இல்லை. எதுவுமே இல்லை. நான் எழுதியது 'காத்திருக்கிறீர்களா' என்ற ஒரு வரி. சத்தத்துக்குப் பின் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று கண்டுபிடித்தது அவர்கள். கடைசிக் குடோன்காரருக்கு நியாயம் செய்தது அவர்கள். காது கேளாதவருக்கு விளக்குப் போட்டது அவர்கள். என் பங்கு ஒரு விதை, அதுவும் தெரியாமல் கைதவறி விழுந்தது.

ரிஸ்வானாவைக் கட்டிப்பிடித்தேன். சாம்பார் டப்பாவை மன்னித்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

முழு உண்மையோடு அனுப்பிவிட்டேன். அறிக்கையின் தலைப்பே 'எங்கள் தவறான கேள்வியிலிருந்து இருபத்தாறு ஊர்கள் கற்றது'. வருவது வரட்டும். குருகிராமில் குளிர் அதிகமாம். அந்த ஊர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஜூன் மாதத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தேன், அது பொய்.

ஆகஸ்ட் 16, சனி

போகவில்லை. ஆடி கடைசி நாள்.

ஆகஸ்ட் 20, புதன்

முரளீதரன் சார் போனில் இரண்டு நிமிடம் திட்டினார். எந்த ஊரில் ஒத்திகை பார்த்தோம் என்றுகூடத் தெரியாமல் ஒரு ஆய்வா, நான் விதைக்காததைக் கேட்டேன், நீயே விதைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்றார். ஆமாம் சார் என்றேன். மூன்றாவது நிமிடம் குரல் மாறியது. "ஆனா அம்சவேணி, இத்தனை வருஷமா நாம விஷயங்களைக் கவனிக்கிறோம்னுதான் நெனச்சிட்டிருந்தோம். நாம கேக்குறதே ஊரை மாத்துதுன்னு ஒருத்தரும் எழுதினதில்ல. பட்டியல்ல உன்னுதுதான் முதல். கோவை ஆபீஸ் இருக்கட்டும். அடுத்த வருஷப் படிவத்துல பொறிக் கேள்வி நாலு போடு. இந்தத் தடவை யோசிச்சுப் போடு."

ரிஸ்வானா தண்ணீர் கேனைச் சுற்றி ஆடினாள். நானும்தான்.

யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று எனக்குத் தெரியும். எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

குடையை வாங்கிவரப் போனேன்.

பாப்பாத்தியக்கா தெருமுனையிலேயே மடக்கினார். "வந்துட்டீங்களாக்கு! மூணு வாரமா எங்கண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில ஊட்டு முன்னால குத்த வெச்சுக்கிட்டு இருக்குது. பஸ்ஸெல்லாம் எண்ணுது."

சென்னியப்பன் குடையோடு நின்றார். கம்பி ஒன்று வளைந்திருந்ததை நிமிர்த்திச் சரிசெய்திருந்தார். குடையோடு சேர்த்து ஒரு காகிதத்தையும் நீட்டினார்.

"ஏனுங், படிவம் ஒண்ணு நெரப்பி வெச்சிருக்கறனுங்க. போன வாரமே குடுக்கலாம்னு இருந்தேன். ஆடியில வேண்டாம், ஆவணி பொறக்கட்டும்னு பாத்தனுங்க."

எங்கள் படிவத்தின் ஜெராக்ஸ். எல்லாக் கேள்விகளையும் அடித்துவிட்டு மூன்றாவதை மட்டும் விட்டிருந்தார். 'வீட்டில் எத்தனை பேர்?' அதற்கெதிரே குண்டு குண்டான எழுத்தில்: 'இப்போதைக்கு ஒருவர். மேடம் இதே கேள்வியை மூன்று தடவை கேட்டார்கள். சும்மா கேட்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு ஆக்கலாமா?' அதன் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரே ஒரு கட்டம். 'ஆம்'.

இரண்டு முறை படித்தேன். பிறகு அதட்டினேன். "என்னங்க படிவம் இது? 'இல்லை'க்குக் கட்டமே காணோம். இப்படிக் கேட்டா ஆய்வே செல்லாது, தெரியுமா?"

"எனக்கு ஆய்வெல்லாம் தெரியாதுங்க" என்றார். "அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் உங்கள அலைய விட்டது தப்புத்தான். அதுக்கு எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா அந்தக் கட்டம் எனக்குப் போட வரலீங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெரு மொத்தமும் நிசப்தம். அக்கம்பக்கத்துக் குடோன்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நான் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அவரும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ, கரண்ட் வந்தது. கிழக்குக் கோடியில் பாப்பாத்தியக்காவின் தறி கிளம்பியது. பிறகு அடுத்தது. அடுத்தது. பக்கத்துக் குடோனும் ஓடத் தொடங்கியது. இனி சென்னியப்பனின் முறை. அவர் வழக்கப்படி எண்ணத் தொடங்கியது உதட்டசைவில் தெரிந்தது. நானும் கூடவே எண்ணினேன்.

முப்பது வரை எண்ணத்தான் நினைத்தேன். பதினொன்றிலேயே டிக் அடித்துவிட்டேன்.

பீஸ் ஒன்றும் போகவில்லை.